காலிப் பெட்டியின் சத்தம்

“என்னை மேல் மாடிக்கு மாத்தி விடுங்கண்ணே.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விற்பனைக் குழுத் தலைவர் கோகுலன் சொல்லி வைத்திருந்தார், இந்த அறையில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று. மாதக் கடைசி இல்லையென்றால் லீவு கேட்கலாம். கமிஷன் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லமாட்டார், ஆனாலும் கேட்கலாம். ஏர்கோனைக் குறைக்கச் சொல்லலாம். மூன்றாம் மாடியில் இருக்கும் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றல் மட்டும் கேட்கவே கூடாது. “மேல போனவன் எவனும் இதுவரைக்கும் காடி மாத்துனதில்ல தங்கச்சி” என்றார் அன்றைக்கு, கீழே நின்ற தன் புதுக் காரைக் காட்டி.

தனுஜா இரண்டு வருடம் எட்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை காலையில் கேட்டுவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்த கோகுலனுக்குப் புரையேறியது.

“காலாங்காத்தால என்ன லா இது? யாரு கூட சண்ட?”

“யாரு கூடவும் சண்ட இல்ல. மேல ஒரு இடம் காலியா இருக்கு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. நான் படிச்சது புள்ளியியல். நீங்க என்னை எடுத்தது அதுக்குத்தான்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அப்ப எனக்கு ஆள் தேவப்பட்டுச்சு.”

“இங்க நான் என்ன புள்ளியியல் செஞ்சேன்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ரோட்டுல பந்தல் போட்டு ரோஸ் தண்ணி ஊத்துனேன். ஒரு கப்புக்கு ஒரு போன் நம்பர். காவடி எடுத்துக்கிட்டு வந்தவர்கிட்டயே நம்பர் வாங்கச் சொன்னீங்க. அவரு நாக்குல வேல் குத்தியிருந்துச்சு!”

“எழுதிக் குடுத்தாரா இல்லியா? அதச் சொல்லு.”

கோகுலன் கெட்டவர் இல்லை. அதுதான் அவள் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சல். பிறந்தநாளை மறக்காமல் கேக் வெட்டுவார்; அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார்; போகும்போது அப்பாவுக்கே ஒரு ஃபண்டு விற்றுவிட்டுப் போவார். பீச் ஸ்ட்ரீட்டில் பழைய வங்கிக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கம்பெனி, ஜனங்களின் சேமிப்பை ஒன்றாகத் திரட்டிப் பங்குகளில் போடுகிற கம்பெனி. முதல் மாடியில் இருபத்திரண்டு பேர் விற்றார்கள். மூன்றாம் மாடியில் நாலு பேர், எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் எழுதியதை முதல் மாடியில் முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் தனுஜா. மற்றவர்கள் கடைசிப் பக்கத்துப் படத்தைப் போனில் எடுத்து வாட்சப்பில் அனுப்பிவிடுவார்கள்.

“இங்க பாரு தனு. மாறணும்னா என் கையெழுத்து வேணும். போடமாட்டேன்னு சொல்லல. உங்க புளோக்குல அந்த டீச்சரம்மா, கமலாம்பிகை, மூணு மாசமா போடுறேன் போடுறேன்னு இருக்குல்ல? அது கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா. இந்த மாசம் நம்ம டீம்தான் பினாங்குல முதல். அத மேசைல வை, உன் மாற்றல் பாரத்துல நான் கையெழுத்துப் போடுறேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து.”

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

*

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில், அப்பா ரமணி குளியலறை வாசலில் உட்கார்ந்து கையில் சீனியும் பாத்திர சோப்பும் போட்டுக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். பிறைத் தொழிற்பேட்டையில் ஏற்றி நோர்த் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறக்குவது, அங்கே ஏற்றி ஜுருவில் இறக்குவது. அம்மா குணவதி பள்ளிக்கூடக் கண்டீனில் சமைக்கிறவள். பள்ளி விடுமுறை என்பதால் அந்த வாரம் வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை, ஆகையால் சார்டின் சம்பல், முருங்கைக் கீரை, அப்பளம், ரசம், போதாததற்குப் பயத்தம்பருப்புக் கஞ்சி.

“மேல மாடின்னா? மேனேஜரா?” என்றாள் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

“இல்லம்மா. ஆராய்ச்சி. ஒரு கம்பெனி எப்படி ஓடுது, நல்லா ஓடுதா ஓடலையான்னு விசாரிச்சு எழுதுற வேல.”

“விசாரிக்கிறதுக்கு சம்பளமா? நம்ம புளோக்குல எல்லாரும் அத சும்மாவே செய்றாங்களே.”

அப்பா சிரித்தார். ரசம் மூக்கில் ஏறியது.

“சரி, சம்பளம் கூடவா?”

“இப்ப கமிஷனோட வர்றதுல பாதி.”

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள். இந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி தனுஜா. பட்டமளிப்புப் படம் ஹாலில் மாரியம்மனுக்குப் பக்கத்தில், மாரியம்மனை விடக் கொஞ்சம் பெரிய சட்டத்தில் தொங்கியது. படிப்பு முடிந்த அன்றிலிருந்து அம்மா ஊரெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: எம்பொண்ணு ஃபைனான்ஸ்ல இருக்கா. கோயில் மாதர் குழு, கண்டீன் அக்காமார்கள், லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் என்று தனுஜாவின் நாற்பது வாடிக்கையாளர்களில் முப்பத்தொரு பேரை அம்மாதான் பிடித்துக் கொடுத்தாள். பட்டியலில் முதல் பெயரே அம்மாவின் பெயர்தான்.

“இந்த மாசம் பினாங்குலயே எம்பொண்ணுதான் முதல்ல வரப் போறான்னு கோயில்ல சொல்லிட்டேன்டி. டீச்சர் வியாழக்கெழம வரேன்னிருக்காங்க.”

“என்னை விக்கிறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?”

“உன்ன எங்கடி வித்தேன்? உன் ஃபண்டத்தான் வித்தேன்! டிகிரி எடுத்தவளுக்கு விக்கிறது கேவலமா இருக்கோ? நான் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வித்து உனக்குப் பரீட்சைக் காசு கட்டுனப்ப கேவலமா இல்லியோ?”

“நீ வித்தது நாசி லெமாக்கு. திறந்து பார்த்து வாங்குனாங்க. நான் விக்கிறத வாங்குறவங்களும் திறந்து பார்க்க முடியாது, விக்கிற நானும் திறந்து பார்க்க முடியாது. அதத் திறந்து பார்க்கிற வேலதான் மேல இருக்கு.”

“டீச்சர் ஃபண்டையாவது ஒழுங்கா முடிச்சிட்டுப் போயேன்!”

“முடிக்கத்தான் போறேன். நல்ல ஃபண்டுதான் அது.” பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். “இந்தா, இதுல பெரிய பங்கே பிறையில இருக்கிற பேக்கேஜிங் ஃபேக்டரிதான். ‘ஒரு நாளைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கொள்கலன் லோரிகள் வெளியே செல்கின்றன, ஏற்றுமதி முழு வேகத்தில் நடக்கிறது.’ நேர்ல போய் எண்ணியிருக்காங்க.”

“எந்த ஃபேக்டரி?” என்றார் அப்பா. “பச்ச கேட்டு போட்டதா?”

“ஆமாப்பா.”

“நாப்பது போகுது. சரிதான்.” அப்பளத்தை நொறுக்கினார். “ஆனா அது காலிப் பெட்டி லா.”

“என்னது?”

“காலிப் பெட்டி. எங்க பொஸ்ஸுக்கு யார்டுல எடம் பத்தல. பச்ச கேட்டுக்குப் பின்னால பாதி எடம் சும்மா கெடக்கு, வாடகைக்கு எடுத்துட்டாரு. காலிப் பெட்டிய அங்கதான் வெக்கிறோம், எடுக்குறோம். போறது வர்றது எல்லாம் ஒரே கேட்டு. ஃபேக்டரி சரக்கு கொஞ்சந்தான்.”

தனுஜா அறிக்கையைக் கீழே வைத்தாள். “இத ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?”

“நீ எங்க கேட்ட? என்கிட்ட யாருதான் கேட்டா? போன மாசம் வெள்ளக் காடி ஒன்னு ரெண்டு நாளு ரோட்டோரம் நின்னுச்சு. முக்காடு போட்ட அம்மா ஒருத்தவங்க கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு, ஏர்கோன் போட்டுக்கிட்டு, லோரி போகப் போக எழுதிக்கிட்டிருந்தாங்க. கண்ணாடிய எறக்கியிருந்தா போதும். கேட்டு வாசல்ல ஒரு மேடு இருக்கு. சரக்கு ஏத்துன வண்டி அதுல ஏறுனா தும்முன்னு அரிசி மூட்டைய எறக்குன மாதிரி இருக்கும். காலி ஏறுனா தகர டப்பா படில உருண்டாப்ல தடதடன்னு வரும். சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

வெள்ளைக் கார் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தினமும் அதற்குப் பக்கத்தில்தான் அவள் தன் மோட்டோவை நிறுத்துகிறாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை, கேட்காமலேயே மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கீழே போல விற்பனைக்கு விற்பனை மணியடிப்பதும் கைதட்டுவதும் இல்லை. நாலு மேசை, தாள் வாடை, ஒரு மின்விசிறி. ஆய்வுப் பிரிவின் தலைவி மர்ஜானா, சூலியா ஸ்ட்ரீட் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை முக்காட்டுக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

தனுஜா நின்றபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“இந்த ரிப்போர்ட்ட யாரு எழுதினதுன்னு தெரியுமா?” என்றார் மர்ஜானா.

“தெரியும் மேடம். நீங்க.”

“தப்புங்கிற.”

“நீங்க எண்ணுனது சரி மேடம். காதால கேக்காததுதான் தப்பு.”

பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. மர்ஜானா தலையில் கைவைத்தபோது கண்ணாடி கிடைத்தது. போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்பா சொன்னாருங்கிறத நான் எழுத முடியாது. அது அவரு வேல பாக்குற எடத்து விசயம். அவரு பேரே இதுல வரக் கூடாது. ரோட்டுல போற எந்த மனுசனும் நின்னு பாக்கக் கூடியது எதுவோ அதத்தான் நாம எழுதலாம். போயி நில்லு. ஏழு மணிலேந்து ஆறு மணி வரைக்கும். நாளைக்கும் வியாழனும். சரக்கு இத்தன, காலி இத்தன. எண்ணி முடிச்சப்புறம் எங்கிட்ட தப்புன்னு சொல்லு.”

“லீவு?”

“அது உன் பாடு.”

கோகுலனுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று செய்தி அனுப்பினாள். டீச்சரைத் துரத்துகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டைவிரலும் மூன்று நெருப்புப் படமும் உடனே வந்தன.

*

“வயசுப் பொண்ணு ரோட்டோரத்துல ரெண்டு நாளு தனியா நின்னா பாக்குறவன் என்ன நெனைப்பான்?” என்று சொல்லி அம்மாவும் கிளம்பினாள். உதவிக்கு இல்லை, காவலுக்கு. முகத்தை உப்பி வைத்துக்கொண்டு, கையில் இட்லிச் சட்டி அளவுக்கு ஒரு தூக்குச்சட்டி. பிறை கடலுக்கு அக்கரை; பாலத்துக் காற்றுக்கு அம்மா பயப்படுவாள். ஆகையால் வெல்ட் கீ படகுத்துறையில் மோட்டோவோடு ஃபெரி ஏறினார்கள். கடல், கழுவிவிட்ட சிமெண்டுத் தரை மாதிரி சாம்பலாகக் கிடந்தது. அம்மா அக்கரை சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று தனுஜாவுக்குத் தெரியும்.

பச்சைக் கேட்டுக்கு எதிரே, சாலையோர மரத்தடியில் ரொஸ்னாவின் கடை. நாலு மேசை, ஒரு குடை, ஒரு கேஸ் அடுப்பு. தனுஜா நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததுமே ரொஸ்னா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“நகராட்சியா? கடையை எடுக்கச் சொல்லவா வந்திருக்கீங்க?” என்று மலாயில் கேட்டாள்.

அம்மா மலாயில் பதறி, மாரியம்மன்மேல் தமிழில் சத்தியம் செய்து, மறுபடி மலாயில் விளக்கினாள். மகளுக்கு லோரி எண்ணுகிற வேலை, பட்டதாரி, ஆமாம், இதற்காகத்தான் படிக்க வைத்தோம். ரொஸ்னா தனுஜாவை இரக்கத்தோடு பார்த்து, சீனி போடாத தேநீர் கேட்டவளுக்கு நிறையச் சீனி போட்டே கொடுத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் தனுஜா திணறினாள். அப்பா சொன்னபோது எளிதாக இருந்தது. இங்கேயோ பஸ், மோட்டோ, காற்று, ரொஸ்னாவின் வாணலி. டயர் நசுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிடும். மூன்று வண்டிக்குக் கேள்விக்குறி போட்டாள். அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. மர்ஜானாவிடம் அவ்வளவு பெரிதாகப் பேசிவிட்டு!

அம்மா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொஸ்னாவின் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டில் ஒரு நீல லோரி வெளியே வந்தது.

“காலி,” என்றாள் அம்மா, திரும்பாமலே.

தனுஜா எட்டிப் பார்த்தாள். டயர்கள் உப்பிக்கொண்டிருந்தன. காலிதான்.

அடுத்தது வந்தது. “இதுவும் காலி.” அடுத்தது. வெங்காயம் நின்றது. “ம்... இது சரக்கு. நல்ல சரக்கு. கேட்டியா, கர்ப்பிணி படி ஏறுன மாதிரி மெதுவா தும்முன்னுச்சு.”

“எப்படிம்மா?”

“முப்பது வருசமா உங்கப்பா பக்கத்து சீட்டுல போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கேன். கல்யாணத்துக்கே லோரிலதான் கூட்டிக்கிட்டுப் போனாரு. அடி போடு, காலி வருது!”

பதினொரு மணிக்கு அம்மாவின் முகத்தில் உப்பல் இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு நோட்டுப் புத்தகமே அவள் கைக்குப் போயிருந்தது. ஒரு மணிக்கு இரண்டு பேருக்கும் சண்டை.

“அது அர சரக்கு. அதுக்குத் தனிக் கட்டம் போடு!”

“அரைக்கெல்லாம் கட்டம் கிடையாதும்மா! சரக்குன்னா சரக்கு, காலின்னா காலி!”

“அப்ப அர வயித்துக்காரன் சாப்ட்டானா சாப்டலையா? இதுக்குப் பதில் சொல்லு, பட்டதாரி.”

தனுஜா யோசித்தாள். நிஜமாகவே நல்ல கேள்வி. மூன்றாவது கட்டம் போட்டாள்.

மூன்று மணிக்கு மழை சாய்த்து அடித்தது. குடைக்கடியில் மூவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அம்மாவின் தோசையை ரொஸ்னாவின் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார்கள். சம்பலுக்கு எத்தனை மிளகாய், நெத்திலியைக் கழுவி வறுப்பதா வறுத்துக் கழுவுவதா என்று ஆரம்பித்த பேச்சில் ரொஸ்னா சொன்னாள்: முன்னே காலையில் எண்பது பொட்டலம் கட்டுவேன், இப்போது முப்பத்தைந்துதான், அதிலும் மிச்சம். ராத்திரி ஷிஃப்ட்டை எடுத்துவிட்டார்கள், பின்பக்கக் கண்டீனையும் பூட்டிவிட்டார்கள். தனுஜா வாயில் தோசையோடு எழுதினாள். மழைச் சத்தத்தில் மேட்டுச் சத்தம் கேட்காது. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்று, விரலைத் தூக்கியும் மடக்கியும் காட்டினாள். தூக்கினால் சரக்கு. மடக்கினால் காலி. கேட்டுக் காவல்கார ஜாகா வந்து, “ஆச்சி, யாரைத் தேடுறீங்க?” என்று கேட்டபோது, “எம்புருசனத்தான்” என்றாள். பொய்யும் இல்லை, இரண்டு தடவை அப்பாவே காலிப் பெட்டியோடு ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குக் கூட்டிப் பார்த்தார்கள். வெளியே போனது நாற்பத்திரண்டு. சரக்கு பதினொன்று. அரை, அம்மாவின் தயவில், மூன்று.

*

மறுநாள் வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த வெள்ளைக் கார் வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. தனுஜா கடைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் அம்மா கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடிய எறக்குங்கம்மா. எண்ணவா வந்திருக்கீங்க? உள்ள ஒக்காந்துக்கிட்டு எண்ணுனா தப்பாத்தான் வரும். போன மாசம் இப்படித்தான் ஒரு பொம்பள ஏர்கோன் போட்டுக்கிட்டு எண்ணிட்டுப் போயி, எல்லாத்தையும் தப்பா எழுதி வெச்சிருக்கா!”

கண்ணாடி இறங்கியது.

“அந்தப் பொம்பள நான்தான்க்கா,” என்றார் மர்ஜானா.

அம்மா ஒரு நொடிதான் தடுமாறினாள். “அப்ப சரி. எறங்கி வாங்க. தே குடிங்க.”

மர்ஜானா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் மரத்தை ஓட்டை போட்டு அவர் முக்காட்டில் விழுந்தது. ஐந்து லோரி போவதைக் காது கொடுத்துக் கேட்டார். மூன்றாவதுக்குக் கண்ணை மூடினார். ஐந்தாவதுக்கு, “இது சரக்கு,” என்றார் மெல்ல.

“அவ்வளவுதான்! ரெண்டு நாளுல நீங்களும் பழகிடுவீங்க,” என்றாள் அம்மா.

மர்ஜானா நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது. “இது யாரு யோசன?”

“எங்கம்மா.”

“ம். நான் எழுதினத திரும்ப எடுத்துக்கறேன். புதுசா எழுதி கோலாலம்பூரு ஹெட் ஆபீசுக்கு அனுப்பறேன். ஒரு வாரம் ஆகும். அவங்க எனக்கு மால போடப் போறதில்ல.” தேநீரை ஆற்றினார். “அந்த எடம் உனக்குத்தான் தரணும்னு இருக்கேன் தனுஜா. ஆனா கோகுலன் கையெழுத்து இல்லாம உன்னைக் கீழேந்து மேல எடுக்க முடியாது. உள்ளேந்து மாறுறதுக்குக் கெடு நாளையோட முடியுது. அவரு போடலன்னா ஒரே வழி, நீ வேலைய விட்டுட்டு வெளியாளா மனுப் போடணும். கோலாலம்பூருல நேர்முகம். எடுப்பாங்கன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. நான் சொல்லுவேன், அவ்வளவுதான்.”

“அவரு போடுவாரு மேடம். ஒரு கையெழுத்துக் கேட்டிருக்காரு.”

“யாரு கையெழுத்து? எதுல?”

எதிரே ஒரு லோரி தடதடவென்று மேட்டில் ஏறி இறங்கியது. வெங்காயத்தை உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு அம்மா அவளைப் பார்த்தாள்.

*

கமலாம்பிகை டீச்சர் சொன்னபடி ஏழு மணிக்கு வந்தார். ஐந்தாவது மாடிக்காரர், யாழ்ப்பாணத்துப் பரம்பரை, குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, கைப்பையில் அடையாள அட்டையின் இரண்டு நகல்களும் மூடி போட்ட பேனாவும். அப்பா எழுந்து நின்றார். டீச்சர் வந்தால் அவர் எப்போதும் எழுந்து நிற்பார்.

“என்ன பிள்ளை, தாளைக் கொண்டா. நல்ல நாள் இண்டைக்கு. ஓய்வூதியத்தில மிச்சம் பிடிச்சதெல்லாம் இதிலதான் போடப் போறன்.”

ஃபண்டுக்கான பாரம் தனுஜாவின் பையில் இருந்தது. இரண்டு கையெழுத்துகள் அவள் கண்முன் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று விழுந்தால் மற்றது விழும்.

“வேணாம் டீச்சர். இப்ப போடாதீங்க.”

“என்ன? மூண்டு மாசமா என்ர வீட்டுப் படி தேய நடந்துபோட்டு இப்ப வேண்டாமெண்டுறாய்?”

“படி தேய நடந்தது நான் இல்ல டீச்சர். எங்கம்மா.”

“அப்ப கொம்மா சொல்லட்டும்.” டீச்சர் திரும்பினார். “குணவதி, நீதானே இதைவிட நல்லது வேற இல்லையெண்டு சொன்னனீ?”

தனுஜா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. கோயிலில் சொன்னது, லிஃப்டில் சொன்னது, பினாங்கிலேயே முதல் என்றது எல்லாம் அம்மாவின் தொண்டையில் வரிசையாக நிற்பது தெரிந்தது.

“சொன்னேன் டீச்சர்,” என்றாள் அம்மா. “தெரியாம சொன்னேன். நேத்தும் இன்னைக்கும் பிறைக்குப் போயி நானே எண்ணுனேன். நேத்து நாப்பத்தி ரெண்டுல பதினொண்ணுதான் சரக்கு, இன்னைக்கும் அதே கததான். மீதி காலி. மழையில நனைஞ்சுகிட்டு எண்ணுனேன் டீச்சர், தும்மல் இன்னும் நிக்கல. போடாதீங்க.”

“நீயோ எண்ணினாய்?”

“நானேதான். அர சரக்கு மூணையும் தனியா எழுதி வெச்சிருக்கேன்.”

டீச்சர் பேனாவைத் திறந்து, பார்த்து, மூடினார். “அப்ப என்ர காசை என்ன செய்யிறது?”

“இப்போதைக்கு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும் டீச்சர். அவசரம் இல்ல,” என்றாள் தனுஜா.

“இதைச் சொல்லுறதுக்கு உனக்குக் கமிஷன் ஏதும் இருக்கோ?”

“இல்ல.”

“அப்ப நம்பலாம்.” எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “குணவதி, தும்மலுக்கு மல்லித் தண்ணி வைச்சுக் குடி,” என்றார்.

கதவைச் சாத்தியதும் அப்பா மெல்ல உட்கார்ந்தார். “அப்ப அந்த கோகுலன் கையெழுத்து?”

“போகட்டும்,” என்றாள் அம்மா. மூக்கைச் சிந்தினாள். “ஏண்டி, வேலய விடுறேன்னு எழுதுற கடுதாசிய இங்கிலீஷ்ல எழுதுவியா மலாயில எழுதுவியா? எதுல எழுதினாலும் என்கிட்ட தமிழ்ல படிச்சுக் காட்டிட்டு அனுப்பு. நீ கோவத்துல ஒரு வார்த்த கூடுதலா வெச்சிருவ.”

படித்துக் காட்டினாள். அம்மா ஒரு வார்த்தையைக் குறைக்கச் சொன்னாள். தனுஜா குறைத்தாள். அவள் பிறவியில் அது முதல் தடவை.

*

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம் முடிந்து கோகுலன் அறைக்குள் வந்தபோது, தனுஜா கையில் ஹெல்மெட்டோடு காத்திருந்தாள். அவர் அவளுடைய மாற்றல் பாரத்தை முன்கூட்டியே மேசையில் விரித்து, பக்கத்தில் பேனாவையும் வைத்திருந்தார். வாக்கு மாறாத மனிதர்.

“டீச்சர் தாளு எங்க தங்கச்சி?”

“போடல. நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

கோகுலன் கதவைச் சாத்தினார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பாதியில் குறுக்கிடவில்லை; அதுவே அவருக்கு எவ்வளவு வலித்தது என்று காட்டியது.

“புது ரிப்போர்ட்டு எப்ப வருது?”

“அடுத்த வாரம்.”

“அப்ப அடுத்த வாரம் தெரிஞ்சுக்கலாம்ல? இன்னைக்கு வரைக்கும் உனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க. ஒரு நாளு, தனு. ஒரே ஒரு நாளு. நானா பொய் சொல்லச் சொல்றேன்? நம்ம ரிப்போர்ட்டு, நம்ம கம்பெனி எழுதினது, இன்னும் செல்லும்.”

“எனக்குத் தெரியும்ண்ணே.”

“சரி, விடு. மேல போற ஆசையையும் விடு. உனக்குன்னு தனி டீமு தர்றேன். எட்டுப் பேரு. நீ ரோஸ் தண்ணி ஊத்த வேணாம், அவங்க ஊத்துவாங்க.”

அவர் மனதாரத்தான் சொன்னார். தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்து நீட்டினார். அவள் உறையை மேசையில், பாரத்தின்மேல் வைத்தாள். கோகுலன் பிரித்துப் படித்தார். மூன்றே வரி.

“கோலாலம்பூருல எடுக்கலன்னா?”

“வேற எடத்துல கேப்பேன். லோரி எல்லா ஊர்லயும்தான் ஓடுது.”

“நீ பாட்டுக்குப் போயிட்டா உன் நாப்பது பேர யாரு பாத்துக்கறது?”

“நீங்கதான். பட்டியல்ல முதல் ஆளு எங்கம்மா. திங்கக்கெழம போன் பண்ணுவாங்க, அந்த ஃபண்டுல எத்தன காலிப் பெட்டி இருக்குன்னு கேப்பாங்க. உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்கண்ணே. சமாளிக்காதீங்க. மூணு மாசத்துக்கு விடமாட்டாங்க.”

கோகுலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. “போ லா,” என்றார். “போய்த் தொல.”

முதல் மாடியில் யாரோ ஒரு விற்பனையை முடித்து மணியடித்தார்கள். இருபது பேரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் மேசையில் போன் அடித்தது. பக்கத்து மேசைப் பெண் எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். எடுத்துக்கொள் என்று தலையசைத்துவிட்டு, கைதட்டலுக்கு நடுவே நடந்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பீச் ஸ்ட்ரீட் வெயிலுக்குள் தனுஜா இறங்கினாள்.